முயலின் வலப்பக்கம்

முதல் குப்பி எந்திரத்துக்குள் இறங்கியபோது மணி இரண்டு ஐந்து. ஒரு குப்பிக்கு ஐந்து நிமிஷம், இருபத்துநான்கு குப்பிக்கு இரண்டு மணி நேரம், நாலு ஐந்துக்கு எல்லாம் தெரிந்துவிடும் என்று மங்கையர்க்கரசி மனதுக்குள் கூட்டிப் பார்த்தாள், கூட்டியதையே மறுபடி கூட்டினாள், விடை மாறவில்லை. அந்த அறையில் அவளுக்கு வேறு வேலை கிடையாது. எந்திரத்துக்காகப் போட்ட குளிர் அது, மனுஷருக்காக அல்ல. சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு இரும்பு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். தானாகக் குப்பியை எடுத்து, தானாக எண்ணி, தானாகவே காகிதத்தில் அச்சடித்துத் தள்ளுகிற எந்திரத்துக்கு ஆள் காவல் எதற்கு? கால்நடை ஆராய்ச்சி மையத்தில் இருபது வருஷம் குப்பை கொட்டியவளுக்கு இது தெரியாமல் இல்லை. போய் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். ஆனால் டீக்குப் போகிற வழியில் முயல் கொட்டகை, கொட்டகை வாசலில் சவரிமுத்து. பன்னிரண்டு வருஷமாக முயல்களுக்குத் தீனி வைப்பவர், கூண்டு கழுவுபவர், ஊசி போடும்போதும் அறுக்கும்போதும் தலையைப் பிடித்துக்கொள்பவர். அவரைத் தாண்டித்தான் போகவேண்டும். வந்துவிட்டதா என்று கேட்பார். கேட்டுக்கொண்டே இடது கண்ணைக் கசக்குவார். காலையில் அப்படித்தான் கசக்கினார். நேற்றிலிருந்து மணல் விழுந்த மாதிரி உறுத்துவதாகச் சொன்னார். இத்தனை நாளும் வலது கண்தான். அது தெரிந்த கதை, பழகிப்போன கதை, பழகிப்போனது என்று நினைப்பதற்கே அவளுக்கு வெட்கமாக இருந்தது. இன்று இடது. வெறும் தூசியாக இருக்கலாம். தூசி என்ற சொல் வந்ததும் அவள் நினைப்பு சட்டென்று பின்வாங்கியது. பின்வாங்கி, போன இடம் எந்திரத்தின் சத்தம். முதல் குப்பி ஒன்றுமில்லாத குப்பி, முயலின் எதுவும் கலக்காதது, அதில் என்ன வரும் என்று யாருக்கும் தெரியும். முப்பத்துமூன்று. எங்கிருந்தென்று சொல்லமுடியாமல் எப்போதும் வந்துகொண்டிருக்கிற வெறும் இரைச்சல் அது. அவள் அந்த முப்பத்துமூன்றைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள்.

விஷயம் ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை. ஹெர்பிஸ் என்கிற வைரஸ் கண்ணில் புண்ணாக வரும், சில வாரத்தில் ஆறும். ஆறிவிட்டது என்று எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போன பிறகு, அது நரம்பைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்துபோய், மண்டையோட்டின் அடியில் முகத்து நரம்பெல்லாம் திரளுகிற முடிச்சில் படுத்துக்கொள்ளும். வருஷக்கணக்கில் படுத்திருக்கும். காய்ச்சலோ கவலையோ வந்தால் எழுந்து, போன வழியே திரும்பிக் கண்ணுக்கு வரும். படுத்திருக்கிற காலத்தில் அது தூங்குகிறது, ஒரு வேலையும் செய்வதில்லை என்றுதான் அவள் படித்த காலத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். அவள் நம்பவில்லை. அவள் பார்த்த வரையில் உள்ளே போய்ப் படுத்துக்கொண்ட எதுவும் சும்மா இருந்ததில்லை. அந்த வைரஸிடம் ஒரு நொதி உண்டு. ஹெர்பிஸுக்குக் கொடுக்கிற மாத்திரையை அந்த நொதி தொட்டு முத்திரை குத்தினால்தான் மாத்திரை வேலை செய்யும். உடம்பின் சொந்த நொதிகள் அதைச் சீந்துவதில்லை. ஆகவே அந்த மருந்தையே கதிரியக்கம் ஏற்றி வாங்கினாள். முயலின் நரம்பு முடிச்சை அரைத்து, மருந்தோடு கலந்து, சின்ன வட்டக் காகிதத்தில் சொட்டவிட்டுக் கழுவினாள். முத்திரை விழுந்த மருந்து காகிதத்தில் ஒட்டிக்கொள்ளும், மற்றது தண்ணீரோடு போய்விடும். ஒட்டியதை எந்திரம் எண்ணும். நொதி வேலை செய்திருந்தால் எண் ஏறும், தூங்கியிருந்தால் இதே முப்பதும் நாற்பதும்தான். பத்து முயல், ஒவ்வொன்றுக்கும் வலது கண்ணில் மட்டும் வைரஸ். இடது கண் சுத்தம், ஒப்பிட்டுப் பார்க்க. பத்து வலது, பத்து இடது, நாலு வெறும் குப்பி. இதையெல்லாம் ஒருநாள் சவரிமுத்துவுக்கும் சொன்னாள். அவர் கூண்டுத் தட்டைத் தேய்த்துக்கொண்டே கேட்டுவிட்டு, தூங்குகிற மாதிரி நடிக்கிறது என்கிறீர்கள், என் மச்சினனும் அப்படித்தான், எழுப்பினால் எழுந்திருக்கமாட்டான், சாப்பாடு என்றால் எழுந்துவிடுவான் என்றார். அவள் சிரித்தாள். அப்போது அவருடைய வலது கண்ணில் ஏற்கெனவே மூன்றில் இரண்டு பங்கு வெளிச்சம் போயிருந்தது. அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டுதான் சிரித்தாள்.

இரண்டாவது குப்பி, முப்பத்தாறு. மூன்று வருஷத்துக்கு முன் ஐப்பசியில் ஒருநாள், மழை வலுத்து, கரண்ட் போய்ப்போய் வந்துகொண்டிருந்தது. ஒரே ஒரு முயல்தானே, ஐந்து நிமிஷ வேலை என்று நினைத்தாள். கண்ணுக்குப் போடுகிற பாதுகாப்புக் கண்ணாடி அவள் அலமாரியில் பூட்டிக் கிடந்தது, சாவி கைப்பையில், கைப்பை மாடியில். மாடிக்குப் போய்வர எத்தனை நிமிஷம் ஆகியிருக்கும்? நாலு. இதை அவள் பிறகு ஒருநாள் நடந்தே பார்த்திருக்கிறாள், யாருக்கும் தெரியாமல், கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, ஏறி இறங்கினாள். நாலு நிமிஷம்கூட இல்லை. சவரிமுத்து முயலைத் துண்டில் சுற்றி மடியோடு அணைத்துத் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். சிரிஞ்சின் பிஸ்டன் இறுகியிருந்தது. அழுத்தினாள், அசையவில்லை, இன்னும் அழுத்தினாள், ஊசி முனை தெறித்து விலகியது, உள்ளே இருந்த வைரஸ் கரைசலெல்லாம் பீச்சிக்கொண்டு அவர் வலது கண்ணில் போய் அடித்தது. அவர் முயலை விடவில்லை. முயல் ஓடிவிட்டால் பிடிப்பது கஷ்டம் என்று அதைக் கூண்டில் போட்டுக் கொக்கி மாட்டிவிட்டுத்தான் கண்ணைத் தொட்டார். அவள் உப்புத் தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்துக் கவிழ்த்துக் கழுவினாள், தரையெல்லாம் ஈரம். அன்றைக்கே பாதுகாப்புக் குழுவுக்கு எழுதிக் கொடுத்திருக்கவேண்டும். எழுதினால் ஆராய்ச்சியை நிறுத்துவார்கள், விசாரிப்பார்கள், கண்ணாடி எங்கே என்று முதல் கேள்வி கேட்பார்கள். அனுமதி வாங்கவே இரண்டு வருஷம் அலைந்தவள் அவள். இன்னும் ஒன்றும் ஆகவில்லையே, ஆனால் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. கண் சிவந்திருந்ததால் சுகாதாரப் பதிவேட்டில் காரணம் எழுதவேண்டியிருந்தது. வைக்கோல் உதறும்போது கண்ணில் தூசி விழுந்தது என்று அவள் சொல்ல, அவர் உருண்டை உருண்டையான எழுத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஒரு வார்த்தை எதிர்த்துக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் மாறியிருப்பாளோ என்று இப்போது நினைத்தாள், நினைத்தவுடன் அது அவர்மேலேயே பழியைத் தள்ளுகிற வேலை என்று தெரிந்து கூசிப்போனாள்.

மூன்றாவது முப்பத்தொன்று, நாலாவது முப்பத்துநாலு. வெறும் குப்பிகள் முடிந்தன. இனி முதல் முயலின் வலது. ஐந்து நிமிஷம். ஊசி தெறித்த பதினோராம் நாள் அவருக்குக் கண் இரத்தமாகச் சிவந்து நீர் கொட்டியது. அவளே கண் மருத்துவமனைக்கு அனுப்பினாள், கூடப் போகவில்லை, போயிருந்தால் வாயைத் திறக்கவேண்டி வரும். அங்கேயும் அவர் தூசி என்றே சொல்லியிருக்கிறார். எழுதிக் கொடுத்ததை மாற்றக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ. தூசிக்கும் ஒவ்வாமைக்கும் கொடுக்கிற சொட்டு மருந்து கொடுத்தார்கள், சிவப்பு அடங்கியது, அடியில் புண் பரவியது. அந்தச் சொட்டு ஹெர்பிஸ் புண்ணுக்கு எண்ணெய் ஊற்றுகிற மாதிரி என்று அவளுக்குத் தெரியும். மருந்துச் சீட்டை அவரே கொண்டுவந்து காட்டினார். அவள் படித்தாள். படித்துவிட்டு, இன்னொரு டாக்டரைப் பாருங்களேன் என்று மட்டும் சொன்னாள், ஏன் என்று சொல்லாமல், ஏதோ அந்த டாக்டர் கைராசி இல்லாதவர் என்பதுபோல. அவர் இன்னொருவரைப் பார்க்க இருபது நாள் ஆயிற்று. அந்த டாக்டர் நீல விளக்கில் பார்த்து, மரக்கிளை மாதிரிப் புண் ஓடியிருக்கிறது, ஹெர்பிஸ் என்று கண்டுபிடித்தார். பதினைந்து நாள் மாத்திரை. ஆறியது, தழும்பு நின்றது. அடுத்த கோடையில் மறுபடி. மூன்றாவது தடவை புருவத்தில் கொப்புளமும் சேர்ந்துகொண்டது. அவர் மனைவி ரெஜினா அதை அக்கி என்று முடிவு கட்டி, அக்கி எழுதுகிற குயவரிடம் கூட்டிப்போய்விட்டாள். நெற்றியிலும் கன்னத்திலும் காவிக் குழம்பால் சிங்கமும் கோடுமாக எழுதிக்கொண்டு சவரிமுத்து வேலைக்கு வந்தார். ஆபீஸே சிரித்தது. வைரஸ் ஆராய்ச்சி நடக்கிற இடத்தில் இது என்ன கூத்து என்று இயக்குநர்கூடக் கேலி செய்தார். மங்கையர்க்கரசியும் சிரித்தாள். சிரிக்காமல் இருந்தால் யாராவது கவனிப்பார்கள் என்று சிரித்தாள்.

காகிதம் நகர்ந்தது. இருநூற்றுப் பதினொன்று. அவள் எழுந்து நின்றுவிட்டாள். இருக்காது, காகிதம் சரியாகக் கழுவப்படவில்லை, அழுக்கு என்று ஐந்து நிமிஷம் தனக்கே சொல்லிக்கொண்டிருந்தாள், அந்த ஐந்து நிமிஷத்தில் ஏசியின் சத்தம்கூடக் கேட்கவில்லை. முதல் முயலின் இடது முப்பத்தேழு. சுத்தம். இரண்டாம் முயலின் வலது நூற்றுத் தொண்ணூற்றாறு, இடது நாற்பது. நடிக்கிறதுதான். தூங்கவே இல்லை. நாலு வருஷமாகச் சொன்னாள், கூட்டத்துக்குக் கூட்டம் வாயில் நுரை தள்ளச் சொன்னாள், பின்வரிசையில் கொட்டாவி விட்டார்கள். இப்போது எந்திரம் சொல்கிறது. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைப்பதற்கில்லை, குளிரில் விறைத்திருந்த விரலெல்லாம் சூடேறின. மூன்றாம் முயலும் அப்படியே. இனிமேல் சவரிமுத்துவிடம் சொல்லலாம். இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்றால், வெறுங்கையோடு போய்ச் சொல்வதா என்றுதான். உன் கண்ணைக் கெடுத்தது நான், அதற்கு என்னிடம் ஒரு வழியும் இல்லை என்று ஒரு மனுஷனிடம் எப்படிச் சொல்வது? இப்போது வழி இருக்கிறது. கண் நன்றாக இருக்கிற நாளிலும் நொதி விழித்திருக்கிறது என்றால், நல்ல நாளிலும் மாத்திரையைத் தொடரலாம், புண் வந்த பிறகு பதினைந்து நாள் கொடுத்து நிறுத்துவது போதாது, டாக்டரிடம் நானே வந்து பேசுகிறேன் என்று சொல்லலாம். வாசகங்களைக்கூட அடுக்கிவிட்டாள். சவரிமுத்து, உட்காருங்க, ஒரு விஷயம் சொல்லணும். அவர் உட்காரமாட்டார், அவள் முன்னால் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை, பரவாயில்லம்மா சொல்லுங்க என்பார். நின்றுகொண்டே கேட்கிறவரிடம் எப்படி ஆரம்பிப்பது? சரி, முழு எண்ணும் வரட்டும், நாலு ஐந்துக்குக் கையில் காகிதத்தோடு போவோம். இப்படித்தான் மூன்று வருஷமும் போயிற்று என்று உள்ளே ஒன்று முணுமுணுத்தது. முதலில் கதிரியக்க மருந்துக்கு அனுமதி வரட்டும் என்றாள், அப்புறம் மருந்து வரட்டும் என்றாள், அப்புறம் முயல்களுக்குப் புண் ஆறட்டும் என்றாள். எல்லாம் வந்தது, எல்லாம் ஆறியது.

நாலாம் முயல், ஐந்தாம் முயல். வலது ஏறியது, இடது இறங்கியது, ஒழுங்காக, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் வருகிற மாதிரி வந்தன. அதையும்தான் சொல்லவேண்டும், இந்த வைரஸ் பாதி ஜனத்துக்கு மேல் உடம்பில் இருக்கிறது. அந்த டாக்டரே சொன்னாராம், சின்ன வயசில் யாரோ முத்தம் கொடுத்து வந்திருக்கும் என்று. சவரிமுத்து அதை வந்து சொல்லிவிட்டு வெட்கப்பட்டுச் சிரித்தார். அவள் அந்த வாக்கியத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஊசியிலிருந்துதான் வந்தது என்று யார் சொல்லமுடியும்? அவருக்கு முன்பே இருந்திருக்கலாம், கண்ணில் தண்ணீர் அடித்த அதிர்ச்சியில் எழுந்திருக்கலாம். வருஷக்கணக்காக இந்தச் சப்பைக்கட்டைக் கட்டுகிறாள், அது ஒவ்வொரு தடவையும் பதினோராம் நாளில் வந்து இடறி விழுகிறது. அவள் ஊசியில் ஏற்றியது குளிர்பெட்டியில் எண் போட்டு வைத்திருக்கிற ரகம், அடிக்கடி திரும்பி வருகிறது என்பதற்காகவே தேடிப் பொறுக்கி வாங்கிய ரகம். சாதாரண ரகம் என்று நினைத்துத்தான் டாக்டர் பதினைந்து நாளில் மாத்திரையை நிறுத்துகிறார். இன்ன ரகம் என்று அவருக்குத் தெரிந்திருந்தால் நிறுத்தியிருக்கமாட்டார். அது தெரிந்தவள் இந்த உலகத்தில் ஒருத்திதான், அந்த ஒருத்தி ஸ்டூலில் உட்கார்ந்து தலைப்பை முறுக்கிக்கொண்டிருக்கிறாள். இதற்கு எண் வரவேண்டிய அவசியமே இல்லை. நொதி தூங்கினாலும் விழித்திருந்தாலும் இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம். இது அவளுக்குப் புதிதாகத் தெரிந்த விஷயமா என்ன? அவ்வப்போது தெரியும், தெரிந்தவுடன் வேறு வேலை வந்துவிடும்.

ஏழாம் முயலின் இடது முப்பத்தைந்து என்று வந்தபோது மணி மூன்று முப்பத்தைந்து. எட்டாம் முயலின் வலது, முப்பத்தொன்பது. அவள் காகிதத்தைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். முப்பத்தொன்பதுதான். சரி, ஒரு முயலில் பிடிக்காமல் போயிருக்கும், பத்தில் ஒன்று அப்படி இருக்கத்தான் செய்யும். எட்டாம் முயலின் இடது, இருநூற்று நாலு. இடது. சுத்தமான கண்ணின் பக்கம். காகிதத்தை மேஜைமேல் வைத்தாள், அது குளிர்க்காற்றில் படபடத்தது, அதன்மேல் கையை வைத்துக்கொண்டாள். ஒன்பதாம் முயலின் வலதுக்குக் காத்திருந்த ஐந்து நிமிஷமும் அவள் மனதில் எந்தச் சொல்லும் இல்லை. நாற்பத்திரண்டு. இடது, இருநூற்றுப் பதினேழு. எட்டும் ஒன்பதும் பத்தும் வேறு கூட்டம். அந்த மூன்றுக்கும் வலது கண்ணில் புண் மூன்று தடவை திரும்பித் திரும்பி வந்தது. ஆறட்டும் ஆறட்டும் என்று விட்டுவைத்துக் கடைசியாக அறுத்தவை. மூன்று தடவை. சவரிமுத்துவுக்கும் மூன்று தடவை. திரும்பத் திரும்ப வந்து வலப்பக்க முடிச்சு எரிந்து ஓய்ந்துபோய், வைரஸ் அந்தப் பக்கம் தாண்டிவிட்டதா? அப்படித் தாண்டுமா? தாண்டாது என்றும் தாண்டும் என்றும் அவள் இரண்டு விதமாகவும் படித்திருக்கிறாள். நேற்றிலிருந்து மணல் விழுந்த மாதிரி உறுத்துகிறதாம். ஒரு கண்ணை வைத்துக்கொண்டுதான் அவர் சைக்கிள் ஓட்டுகிறார், கூண்டு எண் படிக்கிறார், ரெஜினாவின் முகத்தைப் பார்க்கிறார். அதுவும் போனால்?

இல்லை, தப்பு வேறு எங்கோ என்று அறிவு வேகமாகத் தேடியது, தேடியதும் கிடைத்தது. விளக்கு. ஏழாம் முயலை முடித்தபோது பழைய அறையில் அறுவை விளக்கு பியூஸ் போனது. மற்ற மூன்றையும் புது அறைக்குக் கொண்டுபோனார்கள். பழைய அறையில் முயல் பலகைமேல் குப்புறக் கிடக்கும், மூக்கு அந்தப் பக்கம், வால் இவள் பக்கம். முயலின் வலது இவளுடைய வலது கைப்பக்கம். மண்டையோட்டைத் திறந்து மூளையை அகற்றினால் அடியில் இரண்டு முடிச்சும் பச்சரிசி மாதிரி வெளுப்பாக இரண்டு பக்கமும் தெரியும். வலது கைப்பக்கத்தை எடுத்து வலது என்று எழுதின குழாயில் போடவேண்டியது. யோசிக்கவே வேண்டாம், கை தானாகப் போகும், வருஷக்கணக்காகப் போன கை. புது அறையில் விளக்கு சுவரோடு பொருத்தியது. அதன் வெளிச்சம் விழவேண்டுமென்றால் பலகை தலைகீழாகத்தான் வரும், முயலின் மூக்கு இவள் பக்கம் இருக்கும். அப்படியானால் முயலின் வலது இவளுடைய இடது கைப்பக்கம். அதை நினைத்துப் பார்த்துக் குழாயை மாற்றிப் போட்டாளா, பழக்கதோஷத்தில் வலது கைப்பக்கத்தை வலது என்றே போட்டாளா? நினைக்கவில்லை, மாற்றவில்லை, அது நிச்சயம். மாற்றியிருந்தால் மாற்றியது ஞாபகம் இருக்கும். அப்பாடா என்று மூச்சு விட்டாள். மூன்று முயலுக்கும் இடம் வலம் மாறிப்போயிருக்கிறது, அவ்வளவுதான். வைரஸ் எங்கேயும் தாண்டவில்லை. அவர் கண்ணில் உறுத்துவது எதுவோ, இது இல்லை. மூச்சு பாதி வெளியே போனபோதே அடுத்தது வந்து நின்றது. பலகையை வைத்தது சவரிமுத்து. பன்னிரண்டு வருஷமாக மூக்கை அந்தப் பக்கமே வைத்துப் பழகியவர். விளக்கைப் பற்றிக் கவலைப்படாமல் எப்போதும்போல வைத்திருந்தால்? இவள் விளக்கை மறைத்துக்கொண்டு அறுத்திருந்தால்? கண்ணை மூடிக்கொண்டு அந்த நாளைப் பார்த்தாள். மயக்க மருந்தின் வாசம் வருகிறது, இரும்பு இடுக்கியின் குளிர்ச்சி வருகிறது, ஐஸ் பெட்டியின் வெண்புகை வருகிறது. முயலின் மூக்கு வரவில்லை. எவ்வளவு முயன்றாலும் மூக்கு எந்தப் பக்கம் என்று வரவில்லை. தலைகளை அன்று சாயங்காலமே எரித்துவிட்டார்கள், எந்தப் பக்கத்து நரம்பில் வைரஸ் என்று திரும்பப் போய்ப் பார்க்க ஒன்றும் மிச்சமில்லை. புதிதாக முயல் கேட்டால் அனுமதித்த எண்ணிக்கை தீர்ந்துவிட்டது என்பார்கள். அந்த அறையில் அன்று இருந்தது இரண்டே பேர். அவள் பார்க்கவில்லை. பார்த்திருக்கக்கூடியவர் அவர்தான், கைக்குள் தலையைப் பிடித்திருந்தவர் அவர்தான். பத்தாம் முயலின் வலது முப்பத்தெட்டு. இன்னும் ஒரு குப்பி. அதில் என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும், ஆனாலும் காத்திருந்தாள்.

இருநூற்றொன்று. எந்திரம் ஒரு தடவை கூவிவிட்டு நின்றது. அவள் காகிதத்தைக் கிழித்து நாலாக மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். கதவைத் திறந்ததும் வெளியே வெயில் முகத்தில் அறைந்தது. சவரிமுத்து கொட்டகை வாசலில் பச்சைப் புல் கட்டை அவிழ்த்து உதறிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். இடது கண்ணின் ஓரம் சிவந்திருந்தது, நீர் கோத்திருந்தது. வலது கண்ணில் தழும்பு, பால் தெளித்ததுபோல். அவள் அடுக்கி வைத்திருந்த வாசகம் ஒன்றும் வாயில் வரவில்லை. முதலில் சொல்லவேண்டியதைச் சொல்லாமல், முதலில் கேட்கவேண்டியது இதுதான் என்று தனக்கே ஒரு நியாயம் கற்பித்துக்கொண்டு, அன்றைக்கு விளக்குப் போய்ப் புது அறைக்குப் போனோமே, கடைசி மூன்று முயல், ஞாபகமிருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறதே என்றார். எட்டாம் முயல் தீனிக்கு அடம்பிடிக்கும், ஒன்பது கடிக்கும், பத்து சாது என்று அவற்றின் குணத்தைக்கூடச் சொன்னார்.

"பலகையை எப்படி வெச்சீங்க? மூக்கு என் பக்கம் இருந்துச்சா, அந்தப் பக்கமா?"

அவர் அவள் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் என்ன தெரிந்ததோ, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எந்தப் பக்கம்னு சொன்னா உங்களுக்குச் சரியா வரும்மா?"

எனக்குச் சரியாக வரவேண்டாம், இது உங்கள் கண்ணைப் பற்றியது, உங்கள் நல்ல கண்ணைப் பற்றியது என்று கத்தவேண்டும்போல் இருந்தது. கத்தினால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று கேட்டால் ஐப்பசி மழையிலிருந்து ஆரம்பிக்கவேண்டும். மூக்கு என் பக்கம் என்று அவளே ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் தலையாட்டிவிடுவார். இயக்குநர் கேட்டாலும் குழு கேட்டாலும் அதையே சொல்வார், ஒரு எழுத்து பிசகாமல் எழுதிக் கையெழுத்தும் போடுவார். அவர் எப்படிச் சொன்னாலும் இனி அதை நம்புவதற்கில்லை. அன்று தூசி என்று போடவைத்த அந்த ஒரு கையெழுத்தில் அவருடைய எல்லாச் சாட்சியத்தையும் அவளே வாங்கிக்கொண்டுவிட்டாள்.

"எனக்கு உண்மை வேணும் சவரிமுத்து. உண்மையை மட்டும் சொல்லுங்க."

"உண்மைன்னா," என்று அவர் தயங்கினார். "என் கண்ணுக்கு அன்னைக்கு எழுதிக் குடுத்தமே, அந்த மாதிரியாம்மா? இல்ல நடந்ததையேவா?"

அவர் முகத்தில் குத்தல் இருக்கிறதா என்று அவள் தேடினாள். இருந்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். இல்லை. எந்தக் கூண்டுக்கு எவ்வளவு தீனி வைக்க என்று கேட்டுவிட்டு நிற்கிற மாதிரி, இடது கண்ணை இடுக்கிக்கொண்டு, அவள் சொல்லட்டும் என்று நின்றார்.